சரியில்லாத கம்பெனி

எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு சொல்லுக்குத் தடை. கெட்ட வார்த்தைகளுக்குத் தடையில்லை. கையில் கிரீஸும் வாயில் வசவும் இல்லாமல் லிஃப்ட் ரிப்பேர் நடக்காது, அதை நான் கண்டுகொள்வதும் இல்லை. ஆனால் ‘சரி’ என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. போனில் கூடாது, வேலையில் கூடாது. டீ குடிக்கிறாயா என்று கேட்டால்கூட ‘குடிக்கிறேன்’ அல்லது ‘வேண்டாம்’. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாள் சிரிப்பார்கள், மறுநாளிலிருந்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். எங்களோடு போட்டி போடுகிறவர்கள் எங்களுக்கு வைத்திருக்கும் பெயர் ‘சரியில்லாத கம்பெனி’. வைத்துவிட்டுப் போகட்டும். அவர்கள் கோட்டை விட்ட லிஃப்டுகள் எல்லாம் இப்போது எங்கள் கையில்தான் இருக்கின்றன.

கம்பெனியில் போன் எடுக்கிறவள் நான். யார் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிறவளும் நான்தான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு யாராவது கூப்பிட்டால், ஆள் போய்ச் சேரும்வரை அவர்களுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். வாயாடி என்று சின்ன வயதில் வீட்டில் வாங்கிய பெயர் இந்த ஒரு வேலைக்காவது உதவுகிறது.

ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் அண்ணன், இன்னொருவர் என் வீட்டுக்காரர். தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஒரே பெஞ்சு. சாப்பாட்டு டப்பாவைப் பங்கு போட்டுத் தின்ற கூட்டாளிகள். ஒருத்தனை ஒருத்தன் மச்சான், மாப்ளே என்று விளையாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தவர்கள். கூப்பிட்ட வாய் பலித்து, அவர் என்னைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே மாப்பிள்ளை ஆகிவிட்டார். அதற்குப் பிறகும் அவர்களுக்குள் ‘வாடா போடா’தான். மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுடா என்று அம்மா அண்ணனைத் திட்டுவாள். ‘இவனுக்கா, மரியாதையா?’ என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான்.

அம்மாவால்தான் கம்பெனியே பிறந்தது. அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. நாங்கள் இருந்தது நான்காவது மாடி. ஒருநாள் லிஃப்ட் நின்றது. பராமரிக்கிற பெரிய கம்பெனிக்குப் போன் செய்தால், ‘சரிங்க, ஆள் அனுப்புறோம்’ என்பார்கள். மறுநாள் செய்தால் மறுபடியும் ‘சரிங்க’. அந்த ஆள் வருவதற்குள் ஒரு மழைக்காலமே வந்து போனது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ‘ஒரு தடவ கீழ போய் நின்னா போதும்டா. மேலேர்ந்து பாத்தா எல்லாரும் தலையா மட்டும்தான் தெரியறாங்க’ என்று அவள் சொன்னபோது அண்ணனும் அவரும் தட்டில் கை வைத்தபடி அப்படியே இருந்தார்கள். இரண்டு பேரும் அந்தப் பெரிய கம்பெனியில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறு பகுதியில். அந்த வாரமே விட்டுவிட்டார்கள்.

சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர்கள் ஆயிரம் யோசிப்பார்கள். இவர்கள் யோசித்தது ஒன்றுதான். படி ஏற முடியாதவர்கள் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது. காலையில் நின்ற லிஃப்ட் அன்றைக்கே ஓட வேண்டும். பேரம் பேசத் தெரியாது, ஆளைப் பார்த்துப் பல்லிளிக்கத் தெரியாது. ஆனால் கூப்பிட்ட குரலுக்கு ஓடினார்கள். அது போதுமாக இருந்தது. ஒரு கட்டடத்து ஆள் இன்னொரு கட்டடத்து ஆளிடம் சொல்லிச் சொல்லி, மாடிப்படிக்கு அடியில் இருந்த எங்கள் ஆபீஸில் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது.

வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்டை இழுக்கிற மோட்டார் மொட்டை மாடியில் ஒரு சின்ன அறையில் இருக்கும். இரும்புக் கயிறு கீழே இறங்குவதற்கு அந்த அறையின் தரையில் ஓட்டை போட்டிருப்பார்கள். அண்ணன் மேலே மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்பான். அவர் கீழே லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி வேலை பார்ப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது அந்த ஓட்டை வழியாகப் போய்வருகிற குரல் மட்டும்தான். அவன் ‘போடவா?’ என்பான். இவர் ‘சரி, போடு’ என்பார். பத்திரம் பத்திரம் என்று நான் தினமும் வாசலில் நின்று அரற்றுவேன். ‘மேல அவன் இருக்கான்டி’ என்பார். அதற்கு மேல் அவரிடம் பதில் கிடையாது.

அன்றைக்கு ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். அவர் பெட்டியின் தலைமேல் குந்திக்கொண்டு, கயிறு சுற்றிப் போகிற சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா வந்து நின்று, ‘மத்தியானத்துக்குள்ள முடிச்சுடுவீங்களா தம்பி, வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க’ என்று உரக்கக் கேட்டிருக்கிறார். இவர் உள்ளே இருந்தபடியே, ‘சரிம்மா, சரி’ என்றார். அந்த நேரம் பார்த்து அண்ணன் மேலிருந்து ‘போடவா?’ என்று கேட்டிருக்கிறான். அவன் கேட்டது இவர் காதில் விழவில்லை. இவர் சொன்னது அவன் காதில் விழுந்தது. ஸ்விட்சைப் போட்டான். எந்த மாடியிலோ யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். பெட்டி நகர்ந்தது.

வலது கையில் நடுவில் இருந்த மூன்று விரல்கள் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

நம் ஆட்கள் எதற்கெல்லாம் ‘சரி’ சொல்கிறோம் என்று அதற்குப் பிறகுதான் கவனித்தேன். காதில் விழுந்தது என்பதற்கும் சரி, செய்கிறேன் என்பதற்கும் சரி, ஆளை விடு என்பதற்கும் சரி. போனை வைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சரி. இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் குடும்பம் நடத்துகிறோம், தொழில் நடத்துகிறோம். விரல் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் அறை வாசலில் நின்றான். உள்ளே வரக் கால் வரவில்லை. சட்டையெல்லாம் அவருடைய ரத்தம். நான் அவனைத் திட்டவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. இரண்டில் எதைச் செய்தாலும் இன்னொருவருக்குத் துரோகம் என்று தோன்றியது. கட்டிலில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் கண்ணால் காட்டினார்.

“உக்காருங்க மச்சான்” என்றார்.

உக்காருங்க. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அண்ணன் தாங்கியிருப்பான். அவருடைய குரலில் கோபத்தின் சாயல்கூட இல்லை. அன்று ஏறிய மரியாதை பிறகு இறங்கவே இல்லை. அண்ணன் மட்டும் விடாப்பிடியாக ‘என்னடா மாப்ளே, சொல்லுடா’ என்று பழைய மாதிரியே பேசிப் பார்த்தான். இவர் ஒவ்வொன்றுக்கும் ‘சொல்றேன் மச்சான், கேளுங்க’ என்றே பதில் சொன்னார்.

‘சரி’க்குத் தடை போட்டவன் அண்ணன். பெட்டிமேல் ஏறுகிறவன் ‘நான் உள்ள’ என்று சொல்ல வேண்டும். ஸ்விட்சருகே நிற்பவன் ‘நீ உள்ள’ என்று அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இறங்கிய பிறகு ‘நான் வெளிய’, ‘நீ வெளிய’. எந்தப் பேச்சாக இருந்தாலும் கேட்டதைத் திருப்பிச் சொன்னால்தான் கேட்டதாகக் கணக்கு. புதிதாக வருகிற ஒவ்வொருவனையும் அண்ணனே உட்கார வைத்து, ஏன் இந்த வழக்கம் என்று சொல்வான். ‘நான்தான் போட்டேன்’ என்று தன்னையே கை காட்டுவான். வேறு யாராவது சொல்லட்டுமே என்றால் கேட்கமாட்டான்.

இந்தப் பழக்கம் ஆபீஸுக்கும் வந்து, வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. போகிற போக்கில் சர்க்கரை வாங்கி வாங்க என்றால், ‘போற போக்குல சர்க்கரை வாங்கிட்டு வர்றேன்’ என்பார் என் வீட்டுக்காரர். மறக்காமல் வாங்கியும் வந்துவிடுவார். ஊரில் எத்தனை மனைவிகளுக்கு இந்தக் கொடுப்பினை என்று தெரியவில்லை.

ஒருமுறை ஒரு பெரிய மருத்துவமனைக்குப் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தோம். அதன் மேலாளர் நிபந்தனைகளை எல்லாம் அடுக்கிவிட்டு, “சரியா?” என்றார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. என்னாலும் திறக்க முடியவில்லை. நாங்கள் பிகு செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவரே இரண்டு நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டு மறுபடியும் “சரியா?” என்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் முதலிலிருந்து சொன்னது அத்தனையையும் வரிசையாகத் திருப்பிச் சொல்லி, இதில் எது எங்களால் முடியும், எது முடியாது என்று சொன்னான். அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “முடியாதுன்னு சொல்ற முதல் ஆளு நீங்கதான்” என்றார். அந்த மருத்துவமனையின் லிஃப்டுகள் எங்களுக்கு வந்தன. அதன் கிளைகளும் வந்தன. மாடிப்படியடி ஆபீஸ் போய், ஜன்னல் வைத்த ஆபீஸ் வந்தது.

நம்பிக்கைதான் எங்கள் முதல் என்று எல்லாரும் பாராட்டினார்கள். பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் அதை வைத்துக் கடை விரித்த இரண்டு பேருக்குள் மட்டும் அது இல்லை.

விரல் போன மனுஷன் இனி மேஜைக்குப் பின்னால் உட்காருவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் இடது கையால் ஸ்பானர் பிடிக்கப் பழகி, மறுபடியும் பெட்டிமேல் ஏறிவிட்டார். ஆனால் அண்ணனோடு ஏறவில்லை. எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த மெக்கானிக் ஒருவர், எந்நேரமும் எதையாவது பாடிக்கொண்டே இருப்பார். அதனால் அவருக்குப் பெயரே பாட்டுக்காரர். அவரை ஸ்விட்சருகே நிற்க வைத்துவிட்டு, மேலிருந்து வரும் பாட்டைக் கேட்டுக்கொண்டே இவர் பாட்டுக்கு வேலை பார்ப்பார். நான் வேண்டுமென்றே அண்ணனையும் இவரையும் ஒரே கட்டடத்துக்குப் போட்டால், காலையில் வந்து மாற்றிவிடுவார். ‘அங்க பாட்டுக்காரர் வரட்டும். மச்சான் மீட்டிங் போகட்டும், பேச்சு அவருக்குத்தான் வரும்.’ அண்ணன் தினமும் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவான். தினமும் அதை ஆபீஸ் மூலையில் வைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போவான். கம்பெனி வளர்ந்தது அவன் போன மீட்டிங்குகளால்தான்.

ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். “மனசுல கோவம் இருந்தா திட்டித் தொலைங்க. அவன் செத்துட்டு இருக்கான்.”

“கோவம் இல்லடி” என்றார். சொல்லிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு விரலால் லுங்கியின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார். “அவர் வேணும்னு செய்யல. எனக்குத் தெரியாதா? படிக்கிற காலத்துலேர்ந்து பாக்கறேன். ஆனா அவர் மேல நிக்கிறார்னு நெனச்சாலே எனக்குக் கயித்துல கை போக மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு.”

கோபம் என்றால் நான் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து பேசித் தீர்த்திருப்பேன். பயத்தோடு என்னத்தைப் பேசுவது?

வருஷங்கள் ஓடின. அம்மா போய்ச் சேர்ந்தாள். அண்ணனுக்கு இதயத்தில் கோளாறு என்றார்கள். படி ஏறக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது, மீட்டிங்கில் கத்தக் கூடாது. அண்ணி முன்பே இறந்துவிட்டதால், தூரத்து ஊரில் இருக்கும் அவன் மகள், தன்னோடு வந்து இருக்கும்படி பிடிவாதம் பிடித்தாள். அவனும் ஒத்துக்கொண்டான். கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஆபீஸில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். என் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான், மாட்டினான்.

“ஒரே ஒரு தடவ” என்றான். “நான் மேல நிக்கணும், அவன் கீழ எறங்கணும். அப்புறம் நான் போயிடுறேன். அவன்கிட்ட கேட்டுச் சொல்லு.”

“நீயே கேளேன்.”

“நான் கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியாம தவிப்பான். நீ கேட்டா இல்லன்னு சொல்லிடுவான்ல.”

மறுப்பதற்கும் அவருக்கு வழி விட்டுக் கேட்கிறான் பாருங்கள். அவன் போனதும் மேஜையில் தலை கவிழ்ந்து அழுதேன்.

அன்று சாப்பிடும்போது கேட்டேன். அவர் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவினார். கழுவின தட்டையே இன்னொரு தடவை கழுவினார். பிறகு, “நாளைக்கு நர்சிங் ஹோம் லிஃப்ட். மச்சானக் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் நானும் வருகிறேன் என்று அவர் வண்டியில் தொற்றிக்கொண்டேன். வழியில் ஹார்டுவேர் கடை முன்னால் நிறுத்தி, “இங்கயே இரு” என்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது பேன்ட் பாக்கெட்டில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. போல்ட் வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். மனசு நிறைந்திருந்ததால் வாயில் பாட்டு வந்துகொண்டிருந்தது, பாட்டுக்காரர் தோற்றார் போங்கள்.

அண்ணன் முன்னாலேயே வந்து காத்திருந்தான். காக்கிச் சட்டையைத் தோய்த்து இஸ்திரி போட்டு மாட்டியிருந்தான். முகத்தில் பவுடர் வேறு. லிஃப்ட் நின்றிருந்ததால் சக்கர நாற்காலியில் இருந்தவர்களைக் கீழ்த்தளத்து வராந்தாவில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். படி ஏறாதே, நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்றேன். “மெதுவா ஏறுறேன், நீ கூட வா” என்றான். ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினான். எனக்கு எரிச்சலும் பாசமுமாக இருந்தது. அவர் முன்னால் போய்க்கொண்டே, நாங்கள் நிற்கும்போதெல்லாம் தானும் மேலே நின்றார்.

மோட்டார் அறையில் எண்ணெய் நாற்றமும் புழுக்கமும். அண்ணன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்விட்சின் கைப்பிடியைப் பிடித்து இறக்கினான். “எறக்கிட்டேன்டா” என்றான்.

“எறக்கிட்டீங்க” என்றார் அவர்.

பிறகு பாக்கெட்டில் கைவிட்டு ஒரு பூட்டை எடுத்தார். சின்னதாக, புதுப் பித்தளைப் பூட்டு. கைப்பிடியில் இருந்த துளையில் அதை மாட்டி, அழுத்திப் பூட்டி, ஒருதரம் இழுத்துப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். இரண்டு விரலால் பொத்தான் மாட்டுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

“கீழ போறேன்” என்று படி இறங்கினார்.

அவர் பின்னால் ஓடிப்போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அண்ணன் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் தரை ஓட்டை வழியாகக் குரல் வந்தது.

“நான் உள்ள!”

அண்ணன் குனிந்து, “நீ உள்ள!” என்றான்.

கீழே சுரண்டுகிற சத்தமும் தட்டுகிற சத்தமும் வந்துகொண்டிருந்தன. ஒரு ஸ்டூல் இருந்தது. உட்காருண்ணா என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினான். படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த மனுஷன், பூட்டிக் கிடந்த ஸ்விட்சுக்குக் காவலாக, வியர்வை வழிய, கடைசிவரை நின்றான். அந்த ஸ்விட்சை அவனாலும் போட முடியாது, வேறு யாராலும் போட முடியாது. ஆனாலும் கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. எனக்கு அவன் மேல் வந்த இரக்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

“நான் வெளிய!”

“நீ வெளிய!”

அவர் படி ஏறி வரும்வரை காத்திருந்தோம். வந்தார். பூட்டைத் திறந்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஒதுங்கி நின்று, “போடுங்க மச்சான்” என்றார்.

அண்ணனின் கை கொஞ்சம் எழுந்தது. பிறகு இறங்கிவிட்டது.

“நீங்களே போட்டுடுங்க மாப்பிள்ளை” என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் வாயில் அந்த ‘நீங்க’ வந்ததே இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். இடது கையால் ஸ்விட்சை ஏற்றினார். மோட்டார் உறுமியது. மாடி மாடியாக நின்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போனார்.

மோட்டார் சத்தத்தில் அண்ணன் என் காதருகே வந்து கேட்டான்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. பாட்டுக்காரரோட போறப்பவும் பூட்டுவாரா?”

அப்போதுதான் அவன் எதில் தொங்கிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. பாட்டுக்காரரோடு போனால் என் வீட்டுக்காரர் ஸ்விட்சைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கட்டடங்களுக்குப் போகிற ஆட்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் அது.

“எல்லாரோடயும்தான்” என்றேன். “யாரா இருந்தாலும் பூட்டிட்டுத்தான் எறங்குவாரு. நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் ஆளுக்கொண்ணு இருக்கு. நீதான் மீட்டிங் மீட்டிங்னு போயிட்ட, உனக்குத் தெரியல.”

“அப்போ நான்னு இல்ல.”

“நீன்னு இல்ல” என்று திருப்பிச் சொன்னேன், எங்கள் வழக்கப்படி.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். “நல்ல பழக்கம். நமக்கு அப்பவே தோணாம போச்சே” என்றான். பிறகு, “நாளைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி ஆபீஸ் வந்து எல்லாரையும் பாத்துட்டுப் போறேன்” என்றான்.

லிஃப்டிலேயே கீழே இறங்கினோம். சக்கர நாற்காலி வரிசை நகர ஆரம்பித்திருந்தது. அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே போகும்வரை நின்றான். அவர் கொஞ்சம் தள்ளி, கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். அதே பித்தளைப் பூட்டு, எத்தனை இருக்கிறதோ அத்தனையும் கொடுங்கள் என்றேன். ஆபீஸுக்கு வந்து, ஆட்களைக் கூட்டி, ஆளுக்கொன்றை இடுப்பில் மாட்டிவிட்டேன். யார் கேட்டாலும் ரொம்ப நாளாக வைத்திருப்பதாகச் சொல்லச் சொன்னேன். பாட்டுக்காரர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். ஆனால், “ரொம்ப நாளா வச்சிருக்கேன்னு சொல்றேங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் உள்ளே வந்தபோது எல்லார் இடுப்பிலும் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“எதுக்கு இத்தன?” என்றார்.

“அண்ணன் கேட்டான், பாட்டுக்காரரோட போறப்பவும் பூட்டுவாரான்னு. ஆமான்னுட்டேன்.”

அவர் கை கழுவுகிற இடத்துக்குப் போனார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஓங்கி அழுதால் வெளியே கேட்கும் என்று குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார். நான் போய்க் கதவைத் தட்டவில்லை. அன்றைக்கு மட்டும் அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் அண்ணன் பெட்டியோடு வந்தான். ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்துப் பேசினான். வழக்கமாகச் சொல்கிற கதையைக் கடைசியாக ஒருமுறை சொன்னான். “நான்தான் போட்டேன்” என்று சொன்னபோது யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் பெட்டியை வாங்கி வண்டியில் வைக்கப் போனார். ஸ்டேஷன் வரை தானே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். “எதுக்கு மாப்பிள்ளை, உங்களுக்கு வேல கெடக்கும்” என்றான் அண்ணன்.

பாட்டுக்காரர் முறை வந்தது. அண்ணன் அவர் இடுப்பில் இருந்த பூட்டைக் கையில் ஏந்தினான்.

“ரொம்ப நாளா வச்சிருக்கீங்களோ?”

“ரொம்ப நாளா வச்சிருக்கேண்ணே” என்றார் பாட்டுக்காரர்.

அண்ணன் பூட்டைத் திருப்பினான். பின்பக்கம் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. பாவி நான், இருந்த அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, யார் கண்ணிலும் படாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுத்தான். உரித்ததை உருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“பத்திரமா வச்சிருக்கீங்க” என்று பாட்டுக்காரரிடம் சொன்னான்.

என் பக்கம் திரும்பாமலே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான்.